போர்தோ சிவப்பு ஒயினின் விளைச்சல் ஆண்டைச் சுவைத்து மதிப்பிடுதல்: 2016-ஐ முன்வைத்து ஒரு முழு வழிகாட்டி

பிரான்ஸின் போர்தோ பகுதிச் சிவப்பு ஒயினை ஓரளவு குடித்துப் பழகியவர்கள்கூட, "2016 எப்படிப்பட்ட ஆண்டு?" என்று கேட்டால், தாங்கள் குடித்த ஒரே ஒரு புட்டியைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். அந்தப் புட்டியில் இருப்பதில் ஒரு பங்கு மட்டுமே அந்த ஆண்டு கொடுத்தது; மீதியெல்லாம் மண்ணும் திராட்சை வகையும் பீப்பாயும் ஆக்கியவரின் கையும் சேமித்து வைத்த இடமும் கொடுத்தவை. ஆண்டின் பங்கை மட்டும் பிரித்தெடுத்துப் பார்ப்பதே விண்டேஜ் மதிப்பீடு. கீழே உள்ள வரிசையைப் பல குழுக்களுடன் உட்கார்ந்து செய்து, அவர்கள் எங்கெல்லாம் இடறினார்களோ அங்கெல்லாம் திருத்தியிருக்கிறேன். ஒரு படியைத் தாண்டிவிட்டால் அடுத்த படியில் கிடைக்கும் விடையை நம்ப முடியாது. எடுத்துக்காட்டுக்கு 2016-ஐ எடுத்துக்கொண்டு, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக 2014, 2015 ஆகிய இரண்டையும் அருகில் வைத்துக்கொள்கிறேன்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

எட்டுப் புட்டிகள், ஆளுக்கு நான்கு ஒரேமாதிரிக் கோப்பைகள், துப்புவதற்குப் படிக்கம், குடிநீர், உப்பும் வெண்ணெயும் இல்லாத ரொட்டி, வெள்ளைத் தாள், ஒரு வெப்பமானி, குறிப்பேடு ஆகியவை வேண்டும். இவற்றோடு, சுவைப்பதில் கலந்துகொள்ளாமல் புட்டிகளைத் தாளில் சுற்றி எண்ணிடுவதற்கு ஒருவர் வேண்டும்.

கோப்பைகள் ஒரேமாதிரி இருக்க வேண்டியதன் காரணம், கோப்பையின் வயிறும் வாயும் மாறினால் அதே ஒயினின் மணமும் மாறிவிடும் என்பதுதான். விலை உயர்ந்த கோப்பை தேவையில்லை. சுவைப்போருக்கென்று தரப்படுத்தப்பட்ட, வாய் குறுகிய 215 மி.லி. கோப்பையே போதும். ஒருவருக்கு 50 மி.லி. ஊற்றினால் 750 மி.லி. புட்டியிலிருந்து பதினைந்து பேருக்கு வரும். ஆகவே ஆறு பேர் கொண்ட குழுவில் ஒவ்வொரு புட்டியிலும் பாதிக்கு மேல் மிஞ்சும். அந்த மிச்சத்துக்கு மறுநாள் வேலை இருக்கிறது.

மேசையில் பாலாடைக்கட்டி வைக்காதீர்கள். அதன் கொழுப்பும் புரதமும், ஒயினுக்குத் துவர்ப்பைத் தரும் டானினைத் தணித்துவிடுவதால் கரடான ஒயின்கூட மென்மையாகத் தோன்றும். வியாபாரிகள் அதை விரும்பி வைப்பதற்கும் இதுவே காரணம் என்று எனக்கு ஓர் ஐயம் உண்டு. அத்தர், ஊதுபத்தி, தலையில் மல்லிகைச் சரம் ஆகியவை அறையில் இருக்கக் கூடாது. மல்லிகை மணக்கும் அறையில் காபர்னே ஃபிரான் என்னும் திராட்சையின் மெல்லிய பூமணத்தைத் தேடிக் கண்டுபிடிக்க யாராலும் முடியாது.

2. வானிலையைப் படியுங்கள், மதிப்பெண்களைப் படிக்காதீர்கள்

புதியவர்கள் செய்யும் முதல் தவறு, விமர்சகர்கள் அந்த ஆண்டுக்கு வழங்கிய எண்ணைப் படித்துவிட்டு உட்காருவது. எண்ணைப் படித்தவரின் நாக்கு அந்த எண்ணைத்தான் தேடும். வானிலையைப் படித்தவரோ கோப்பையிடம் கேட்கக் கேள்விகளோடு வருவார்.

போர்தோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றி 2016-இல் மறைந்த பேராசிரியர் தெனி துபூர்தியே, நல்ல சிவப்பு ஆண்டுக்கு ஐந்து நிபந்தனைகளை வகுத்திருந்தார். பூப்பு விரைவாகவும் ஒரே சீராகவும் நடந்து காய் நன்றாகப் பிடிக்க வேண்டும். காய் பிடித்தபின் கொடிக்கு ஓரளவு நீர்த்தட்டுப்பாடு ஏற்பட வேண்டும். காய் நிறம் மாறத் தொடங்கும் முன் கொடி தளிர்விடுவதை நிறுத்திவிட வேண்டும். ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் பழம் முழுமையாக முதிர வேண்டும். அறுவடை நாட்களில் பழத்தை நீர்க்கச் செய்யும் மழையோ அழுகலோ இருக்கக் கூடாது.

இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதி, எதிரே அந்த ஆண்டில் நடந்ததை எழுதுங்கள். 2016-க்கு எழுதினால் இப்படி வரும். ஆண்டின் முதல் பாதி மிகுந்த மழை. ஜூன் தொடக்கத்தில் நல்ல இடைவெளி கிடைத்ததால் பூப்பு தப்பித்தது. ஜூன் இறுதியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதிவரை கடும் வறட்சி. செப்டம்பர் 13-ஐ ஒட்டி வந்த மழை வாடிய கொடிகளை மீட்டது. அதன்பின் அக்டோபர் வரை வெயில் பகலும் குளிர்ந்த இரவும் நீடித்தன.

இனி ஒவ்வொரு வரியையும் கேள்வியாக மாற்ற வேண்டும். வறட்சியில் பழம் சிறுத்தால் சாற்றைவிடத் தோலின் பங்கு கூடும். எனவே டானின் மிகுதியாக இருக்கிறதா? குளிர்ந்த இரவுகள் புளிப்பைக் காக்கும்; எனவே இவ்வளவு வெயிலுக்குப் பிறகும் புத்துணர்ச்சி இருக்கிறதா? வறட்சி அளவுக்கு மீறினால் கொடி முதிர்வதையே நிறுத்திவிடும், முக்கியமாகச் சரளை மண்ணில் நட்ட இளங்கொடிகள். எனவே சில புட்டிகளில் மட்டும் நடுவில் வெறுமையும் முடிவில் உலர்ச்சியும் தெரிகின்றனவா? இந்த மூன்று கேள்விகளோடு மேசைக்கு வந்தால் போதும்.

ஒப்பீட்டு ஆண்டுகளுக்கும் இதைச் சுருக்கமாகச் செய்துகொள்ளுங்கள். 2014-இல் கோடையின் நடுப்பகுதி குளிர்ந்து ஏமாற்றியது; செப்டம்பரும் அக்டோபரும் வெயிலடித்துக் காப்பாற்றின. 2015-இல் ஜூனும் ஜூலையும் காய்ந்தன, ஆகஸ்டில் மழை வந்தது, செப்டம்பர் மழை, போர்தோவின் மெதோக் வட்டாரத்தில் வடபகுதியைத் தெற்கைவிட அதிகமாக நனைத்தது.

3. எட்டுப் புட்டிகளைத் தேர்ந்தெடுத்தல்

இந்தப் படியில்தான் பெரும்பாலான மதிப்பீடுகள் கெடுகின்றன. ஆண்டை அறிய வேண்டும் என்று புகழ்பெற்ற, விலை உச்சத்தில் இருக்கும் ஷாத்தோக்களின் (ஒயின் ஆக்கும் தோட்டங்களின்) புட்டிகளையே வாங்குகிறார்கள். அந்தத் தோட்டங்களுக்கு ஆண்டை மறைக்கும் வசதி உண்டு. முதிராத பழத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறியலாம்; சரியாக வராத தொட்டியை இரண்டாம் பெயரில் விற்கலாம்; சில ஆண்டுகளில் விளைச்சலில் பாதிக்கும் குறைவாகவே முதல் பெயரில் போகும். சாதாரணத் தோட்டக்காரருக்கு அந்த வசதி இல்லை. வானம் கொடுத்ததைத்தான் அவர் புட்டியில் அடைக்கிறார். ஆகவே ஆண்டைப் பற்றி உண்மை சொல்வது நடுத்தர, எளிய புட்டிகளே.

நான் வைக்கும் கணக்கு இது. ஆறு புட்டிகள் 2016-இலிருந்து: சாந்த்-எஸ்தேஃப் அல்லது போயாக்கிலிருந்து ஒன்று, மார்கோவிலிருந்து ஒன்று, பெசாக்-லெயோஞானிலிருந்து ஒன்று, சாந்த்-எமிலியோனிலிருந்து ஒன்று, பொமெரோல் அல்லது ஃபிரோன்சாக்கிலிருந்து ஒன்று, ஊர்ப்பெயர் எதுவும் இல்லாமல் வெறும் போர்தோ என்று மட்டும் முகப்புச்சீட்டில் இருக்கும் விலை குறைந்த ஒன்று. மீதி இரண்டும், மேலே முதலில் சொன்ன இரண்டில் ஏதாவது ஒரு ஷாத்தோவின் 2014, 2015 புட்டிகள்.

இடங்களைப் பரப்புவதற்குக் காரணம் உண்டு. ஜிரோந்து முகத்துவாரத்துக்கும் கரோன் ஆற்றுக்கும் இடது கரையில் சரளை மண் மிகுதி; மெதோக்கின் புகழ்பெற்ற ஊர்களில் காபர்னே சோவிஞோன் திராட்சை கோலோச்சுகிறது. வலது கரையில் களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும். அங்கே மெர்லோ முதன்மை, காபர்னே ஃபிரான் துணை. மெர்லோ முன்னதாகப் பூத்து முன்னதாக முதிரும். எனவே செப்டம்பர் இறுதியில் பெய்யும் ஒரே மழை, ஒரு கரையில் அறுவடை முடிந்த தோட்டத்தின் மேலும் மறு கரையில் பழம் தொங்கும் தோட்டத்தின் மேலும் விழலாம். ஒரு கரையை மட்டும் சுவைத்துவிட்டு ஆண்டைப் பற்றிப் பேசுவது, ஒரு காலைத் தடவிவிட்டு யானையைப் பற்றிச் சொல்வதாகும்.

ஒரே ஷாத்தோவின் மூன்று ஆண்டுகளை வைப்பதற்கும் காரணம் அதே அளவு வலுவானது. அங்கே மண் மாறவில்லை, பெரும்பாலும் கையும் மாறவில்லை. மாறியது வானம் மட்டுமே. மதிப்பீட்டில் ஐயம் வரும்போதெல்லாம் இந்த மூன்று கோப்பைகளுக்குத்தான் திரும்பி வருவீர்கள்.

வாங்கும்போது, புட்டி இதுவரை எங்கே கிடந்தது என்று கேளுங்கள். வெப்பமான கிடங்கில் சில மாதங்கள் கிடந்த 2016, ஆண்டைப் பற்றி எதுவும் சொல்லாது. கிடங்கைப் பற்றி மட்டுமே சொல்லும். தக்கை மேலெழும்பியிருப்பதும் புட்டிக்கழுத்தில் ஒயின் கசிந்த தடம் இருப்பதும் கெட்ட அறிகுறிகள்.

4. வெப்பம், காற்று, வரிசை, மறைப்பு

சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் பரிமாற வேண்டும் என்ற பழைய வாசகத்தை நம்பி ஏமாறாதீர்கள். அது குளிர்நாட்டுப் பழைய கல்வீடுகளின் அறை. தமிழ்நாட்டில் மே மாதத்து அறை அந்த அறை அல்ல. நமக்கு வேண்டியது 16 முதல் 18 டிகிரி செல்சியஸ். அதற்கு மேல் போனால் ஆல்கஹால் முதலில் மேலெழுந்து மூக்கைச் சுடும், புளிப்பு மழுங்கும்; எந்த ஆண்டும் வெப்பமான ஆண்டாகத் தோன்றும். மிகக் குளிர்ந்தால் டானின் முறுக்கிக்கொள்ளும். எந்த ஆண்டும் முதிராத ஆண்டாகத் தோன்றும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்து வைத்து, வெப்பமானியில் பார்த்த பிறகே ஊற்றுங்கள்.

எல்லாப் புட்டிகளையும் ஒரே நேரத்தில், சுவைப்பதற்கு இரண்டு மணிநேரம் முன்பு திறந்து, பாத்திரத்தில் மெதுவாக இறுத்து, கழுவிய புட்டியில் திரும்ப ஊற்றுங்கள். ஒன்றை இறுத்து இன்னொன்றை அப்படிச் செய்யாமல் விட்டால், நீங்கள் ஒப்பிடுவது இரண்டு ஆண்டுகளை அல்ல, இரண்டு அளவு காற்றைத்தான். அடியில் தங்கும் வண்டலை விட்டுவிடுங்கள். அது கசப்பைக் கூட்டும்.

நான்கு நான்காக இரண்டு சுற்று வைக்கிறேன். முதல் சுற்றில் வலது கரைப் புட்டிகளும் (சாந்த்-எமிலியோன், பொமெரோல் அல்லது ஃபிரோன்சாக்) பெயரற்ற எளிய போர்தோவும் பெசாக்-லெயோஞானும். இரண்டாம் சுற்றில் மெதோக்கின் இரண்டும் (சாந்த்-எஸ்தேஃப் அல்லது போயாக், மார்கோ), அவற்றில் ஒன்றின் 2014, 2015 புட்டிகளும். டானின் குறைந்ததிலிருந்து கூடியதற்குப் போக வேண்டும் என்பதே காரணம். வலுவான காபர்னேயைக் குடித்த வாயில் மெர்லோ எப்போதும் நீர்த்ததாகவே தெரியும்.

மறைப்பைப் பொறுத்தவரை, எதுவும் தெரியாமல் சுவைப்பதே நேர்மை என்பவர்கள் உண்டு. நான் பாதி மறைப்பையே பரிந்துரைப்பேன்: எந்தெந்தப் புட்டிகள் மேசையில் இருக்கின்றன என்று எல்லோருக்கும் தெரியும், எந்தக் கோப்பையில் எது இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. முழுதும் மறைத்தால் புதியவர்கள் ஊரைக் கண்டுபிடிக்கும் விளையாட்டில் இறங்கி, ஆண்டை மறந்துவிடுகிறார்கள்.

5. கெட்ட புட்டியை முதலில் விலக்குங்கள்

மதிப்பீட்டைத் தொடங்கும் முன், புட்டிக்குரிய குறைகளைக் கண்டு ஒதுக்க வேண்டும். இல்லாவிட்டால் தக்கையின் குற்றம் ஆண்டின் தலையில் விழும். நனைந்த அட்டைப்பெட்டியின் வாடை வந்து பழமணம் அமுங்கியிருந்தால் அது டி.சி.ஏ. எனப்படும் தக்கைக் குற்றம். அந்தப் புட்டியை எடுத்துவிடுங்கள், காற்றில் அது போகாது. தீக்குச்சி அல்லது அழுகிய முட்டை வாடை என்றால் காற்றுப்போதாமை. கோப்பையைச் சுழற்றிப் பத்து நிமிடம் பொறுத்தால் பெரும்பாலும் போய்விடும். காடியும் நகப்பூச்சும் கலந்த வாடை, ஆவியாகும் அமிலம் மிகுந்ததைக் காட்டும்.

குதிரை லாயமும் மருந்துப் பிளாஸ்திரியும் சேர்ந்த வாடைக்குக் காரணம் பிரெட்டானோமைசெஸ் என்னும் ஈஸ்ட். அதைக் "கிராமத்து மணம்" என்று பாராட்டுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அது பாதாள அறையின் தூய்மையைப் பற்றிய செய்தி. ஆண்டுக்கான பத்தியில் அதற்கு இடமில்லை.

6. நிறம்: அரை நிமிடம் போதும்

கோப்பையை வெள்ளைத் தாளின் மேல் சாய்த்து விளிம்பைப் பாருங்கள். ஊதா கலந்தால் இளமை, செங்கல் நிறம் படர்ந்தால் முதிர்ச்சி. 2016 இன்றும் நடுவில் அடர்ந்திருக்க வேண்டும். ஒரே ஷாத்தோவின் 2014, 2016-ஐவிட அதிகமாக விளிம்பு வெளுத்திருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குமேல் நிறத்திடம் கேட்காதீர்கள். நிறத்தை அடர்த்தியாக்கும் வழிகள் இன்று எல்லா ஆண்டுகளிலும் உண்டு. கோப்பையின் சுவரில் வழியும் "கண்ணீர்" ஆல்கஹாலைப் பற்றியது, தரத்தைப் பற்றியதல்ல.

7. மணம்: பழத்தின் முதிர்ச்சியைத் தேடுங்கள்

முதலில் சுழற்றாமல் ஒருமுறை, பிறகு சுழற்றி ஒருமுறை முகருங்கள். இலேசான மணங்கள் முதல்முறையில் மட்டுமே கிடைக்கும்; சுழற்றினால் வலுத்தவை அவற்றை மூடிவிடும்.

இங்கே புதியவர்கள் தடுமாறுவது சொற்களில். போர்தோவைப் பற்றிய எழுத்தில் காசிஸ் என்னும் கரும்பழத்தின் பெயர் வரிக்கு வரி வரும். அதைத் தின்றே பார்க்காத ஒருவர் அந்தச் சொல்லை எழுதுவதில் பொருளில்லை. உங்கள் மூக்குக்குத் தெரிந்ததை எழுதுங்கள். முக்கியமானது பழத்தின் பெயர் அல்ல, அதன் நிலை: காயா, செங்காயா, பழமா, வற்றலா? களாக்காயின் பச்சைப் புளிப்பா, கனிந்த நாவலா, உலர்திராட்சையும் பேரீச்சையுமா? இந்த ஒரே அளவுகோல் ஆண்டின் வெப்பத்தை நேராகச் சொல்லிவிடும். செங்காய்ப் பக்கம் சாய்ந்தால் குளிர்ந்த ஆண்டு; வற்றல் பக்கம் சாய்ந்தால் சுட்டெரித்த ஆண்டு. 2016-இல் பழம் என்ற நிலையிலேயே பெரும்பாலான கோப்பைகள் நிற்க வேண்டும்.

இரண்டாவதாகக் குடைமிளகாய். காபர்னே இனத்துத் திராட்சைகளில் இயல்பாக உள்ள பைரசின் என்னும் பொருளே இந்தப் பச்சை மணத்தைக் கொடுக்கிறது. பழம் முதிர முதிர, வெயில் படப்பட அது குறையும். ஒரு கோப்பையில் மட்டும் குடைமிளகாய் வந்தால் அது தோட்டத்தின் செயல். மூன்று ஊர்களின் கோப்பைகளில் வந்தால் ஆண்டின் செயல். பென்சில் சீவிய மணத்தையும் தேவதாரு மரப்பெட்டி மணத்தையும் இதோடு குழப்பாதீர்கள். அவை குறையல்ல, மெதோக்கில் விரும்பப்படுபவை.

மூன்றாவது, பீப்பாயைக் கழித்தல். வனிலா, கிராம்பு, தேங்காய், காப்பிக்கொட்டை ஆகியவை புதிய ஓக் மரத்திலிருந்து வருபவை. நம் மூக்குக்குத் தேங்காயும் கிராம்பும் நன்றாகத் தெரியும் என்பதால் இதில் நாம் விரைவில் தேறிவிடுவோம். இவற்றைக் கண்டதும் குறிப்பேட்டில் தனிப் பத்தியில் எழுதி, ஆண்டைப் பற்றி யோசிக்கும்போது அந்தப் பத்தியை மூடிவிடுங்கள்.

8. வாய்: துவர்ப்பைப் பிரித்தறிதல்

போர்தோ ஆண்டின் தீர்ப்பு எழுதப்படுவது டானினில்தான். ஆகவே இந்தப் படிக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் ஒதுக்குங்கள். ஒரு மிடறு, ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி அளவு, வாயில் வைத்து ஈறுகள்வரை பரவவிட்டுப் பத்து நொடி கழித்துத் துப்புங்கள். துப்புவதில் கூச்சப்படாதீர்கள். எட்டையும் விழுங்கினால், மிகவும் கவனம் வேண்டிய இரண்டாம் சுற்றில் தீர்ப்புச் சொல்வது நீங்களாக இருக்காது.

தமிழ் பேசுபவருக்கு இதில் ஒரு வசதி உண்டு. அறுசுவையில் துவர்ப்புக்குத் தனிப் பெயர் வைத்து வளர்ந்தவர்கள் நாம். ஆனால் அந்த வசதியே ஒரு கண்ணியும் ஆகிறது: துவர்ப்பு, கசப்பு, புளிப்பு மூன்றும் சேர்ந்து வரும்போது மொத்தத்தையும் துவர்ப்பு என்றே சொல்லிவிடுகிறோம். கசப்பு நாக்கில் தெரியும் சுவை. புளிப்பு, கன்னங்களின் ஓரத்தில் எச்சில் ஊறவைக்கும். துவர்ப்போ ஒரு தொடுவுணர்வு. டானின் எச்சிலில் உள்ள புரதங்களைப் பற்றிக்கொள்வதால் வழுக்கல் குறைந்து, ஈறும் கன்னத்தின் உட்புறமும் உரசிக்கொள்வதே அது. இதைப் பிரிக்கத் தெரியாதவர்களுக்கு நான் முன்னதாகவே ஒரு பயிற்சி கொடுப்பதுண்டு: பாலும் சர்க்கரையும் சேர்க்காத தேநீரை இரண்டு நிமிடம் ஊறியதும், பத்து நிமிடம் ஊறியதும், பத்து நிமிடம் ஊறியதில் எலுமிச்சை பிழிந்ததும் என மூன்று குவளைகளில் வைத்துச் சுவைக்கச் சொல்வேன். மூன்றாவதில் துவர்ப்பு கூடியதுபோல் தெரியும். டானின் கூடவில்லை, புளிப்பு அதைக் கூர்மையாக்கியிருக்கிறது. குளிர்ந்த ஆண்டுகளில் நடப்பது இதுவே.

இப்போது கோப்பைக்கு வாருங்கள். முதல் கேள்வி அளவு: எவ்வளவு துவர்ப்பு? இரண்டாவது கேள்வி தன்மை: அது நாவல் பழத் தோலின் துவர்ப்பா, மாதுளையின் உள்தோலா, வாழைப்பூவா, கொட்டைப்பாக்கா? நாவல் தோல்போல் பழத்தோடு ஒட்டிக்கொண்டு வந்து கரைந்துபோவது முதிர்ந்த டானின். வாழைப்பூபோல் பழம் இறங்கிய பிறகும் தனித்து நின்று பிடிப்பது முதிராத டானின். பழத்தின் விதை பச்சையாக இருக்கும்போதே பறித்திருந்தாலும், மெலிந்த பழத்திலிருந்து அளவுக்கு மீறிப் பிழிந்திருந்தாலும் இப்படி வரும். மூன்றாவது கேள்வி இடம்: முன் ஈறில் மட்டுமா, வாய் முழுவதும் சமமாகவா? சமமாகப் பரவியிருந்தால் நல்ல அறிகுறி.

புதியவர்கள் துவர்ப்பின் அளவைக் கண்டு அஞ்சி, டானின் கூடிய ஆண்டைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள். 2016-இல் டானின் ஏராளம். வறண்ட கோடையும் குளிர்ந்த இரவுகளும் கொண்ட 2010-இலும் அப்படியே. அளவு குற்றமல்ல, அதைச் சுமக்கப் பழம் இருக்கிறதா என்பதே கேள்வி. வாயின் நடுப்பகுதியில் பழம் நிறைந்திருக்க, டானின் அதைச் சுற்றி வேலிபோல் நின்றால் நல்லது. வேலி மட்டும் இருந்து தோட்டம் காலியாக இருந்தால், வறட்சியில் முதிர்வு நின்றுபோன கொடியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்து ஆல்கஹால். துப்பிய பிறகு தொண்டையில் சூடு நிற்கிறதா என்று கவனியுங்கள். ஆல்கஹால் ஒரு போலி இனிமையையும் கொழுமையையும் கொடுத்துத் துவர்ப்பை மழுப்பும். அதை முதிர்ச்சி என்று எண்ணி மயங்குவது மிகப் பொதுவான தவறு. வெப்பமான 2018-இல் வலது கரையில் 14.5, 15 விழுக்காடு எல்லாம் காணக்கூடியவை. குளிர்ந்த 2021-இல் 13-ஐ ஒட்டியே பல நின்றன. முகப்புச்சீட்டில் அச்சிட்ட எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். உண்மை அளவிலிருந்து அரை விழுக்காடு விலகியிருக்கச் சட்டமே இடம் கொடுக்கிறது.

கடைசியாக நீளம். துப்பியதும் மனத்துக்குள் எண்ணத் தொடங்கி, பழத்தின் சுவை மறையும் நொடியைக் குறியுங்கள். பழத்தின் சுவையை மட்டும் எண்ணுங்கள். துவர்ப்பும் கசப்பும் ஒரு நிமிடம் நின்றாலும் அதற்கு மதிப்பெண் இல்லை.

ஒவ்வொரு கோப்பைக்கும் இடையே ரொட்டித் துண்டும் தண்ணீரும் எடுத்து, இரண்டு நிமிடம் பொறுங்கள். எச்சில் மீண்டும் ஊறுவதற்கு முன் அடுத்ததைக் குடித்தால் துவர்ப்பு துவர்ப்பின்மேல் ஏறி, கடைசிக் கோப்பை எப்போதும் தண்டனை பெறும். நான்கும் முடிந்தபின் தலைகீழ் வரிசையில் ஒருமுறை சுவையுங்கள். முன்னும் பின்னும் மாறாமல் நின்ற கருத்தை மட்டும் குறிப்பேட்டில் வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடுங்கள்.

9. கோப்பைகளை ஒன்றோடொன்று வைத்தல்

புட்டிகளின் தாளைப் பிரிக்கும் முன், குறிப்புகளில் எது பல கோப்பைகளில் திரும்பத் திரும்ப வருகிறது என்று பாருங்கள். தாளைப் பிரித்ததும், ஆறு 2016 கோப்பைகளில் நான்கிலாவது வரும் பண்பை ஆண்டின் கணக்கில் வையுங்கள். ஒன்றிரண்டில் மட்டும் வருவது இடத்தின் அல்லது ஆளின் கணக்கு.

பிறகு புட்டிகளைக் கரைவாரியாக அடுக்குங்கள். ஒரு கரை தெளிவாக மேலே நின்றால் அந்த ஆண்டைக் காபர்னே ஆண்டு என்றோ மெர்லோ ஆண்டு என்றோ சொல்லலாம். 2016-இல் இடது கரை, சற்றே கூடுதல் உறுதியோடு நிற்பதை நான் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன். ஆனால் வலது கரையில் சுண்ணாம்புக்கல்லின் மேல் நின்ற தோட்டங்கள் அதற்குச் சளைத்தவை அல்ல, ஏனெனில் அந்தக் கல் ஈரத்தைத் தேக்கி வைத்துக் கோடையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறது. 2015-ஐ இதே முறையில் ஆறு புட்டிகளோடு செய்தால், மார்கோவும் பெசாக்-லெயோஞானும் மேலே ஏறி, மெதோக்கின் வடக்கு சற்றே மெலிந்திருப்பது தெரியும்.

இப்போது மட்டுமே இரண்டாம் படியில் எழுதிய மூன்று கேள்விகளை எடுங்கள். கோப்பை "ஆம்" என்று சொல்லாத இடத்தில் வானிலையைக் காட்டிக் கோப்பையைத் திருத்தாதீர்கள். ஒருமுறை ஒரு நண்பர், வறட்சி ஆண்டில் புளிப்பு குறைந்துதான் இருக்க வேண்டும் என்று சாதித்து, வாயில் எச்சில் ஊறிக்கொண்டிருக்கும்போதே "புளிப்பு போதவில்லை" என்று எழுதினார்.

10. ஒயினின் வயதைக் கணக்கில் எடுத்தல்

ஒரே ஆண்டு, சுவைக்கும் காலத்தைப் பொறுத்து வேறுவேறு முகம் காட்டும். அறுவடைக்கு அடுத்த ஏப்ரலில் வியாபாரிகளும் விமர்சகர்களும் பீப்பாயிலிருந்து எடுத்த மாதிரிகளைச் சுவைத்து முன்விற்பனைக்குத் தீர்ப்பு எழுதுகிறார்கள். அப்போது ஒயினுக்கு வயது ஆறு மாதம். புட்டியில் அடைக்க இன்னும் ஓராண்டுக்கு மேல் இருக்கிறது. கலவையே இறுதியாகாமல் இருக்கலாம். எடுத்த மாதிரி சில மணிநேரத்தில் வாடிவிடும். அத்தகைய வாய்ப்பு உங்களுக்குக் கிடைத்தால் மணத்தை நம்பாமல், டானினின் தன்மையையும் புளிப்பையும் மட்டும் குறித்துக்கொண்டு வாருங்கள். பழமணம் மாறும், கட்டுமானம் அவ்வளவாக மாறாது.

புட்டியில் அடைத்துச் சில ஆண்டுகளுக்குப் பிறகு வலுவான ஆண்டுகள் வாய்மூடிக்கொள்வதுண்டு. மணம் ஒடுங்கி டானின் மட்டும் தெரியும். பலர் அந்த நேரத்தில் குடித்துவிட்டு ஆண்டைத் தாழ்த்தி எழுதிவிடுகிறார்கள். மணம் ஒடுங்கியிருந்தும் நீளம் குறையவில்லை என்றால் மூடியிருக்கிறது என்று பொருள். மணமும் நீளமும் சேர்ந்து குறைந்திருந்தால் அதனிடம் கொடுக்க ஒன்றுமில்லை.

11. தீர்ப்பை எழுதுதல்

ஆண்டுக்கு ஒற்றை எண் கொடுக்கும் ஆசையை அடக்குங்கள். 20-க்கோ 100-க்கோ உங்களுக்குப் பழகிய அளவில் ஆறு 2016 புட்டிகளுக்கும் மதிப்பெண் இட்டபின், மூன்று எண்களை எடுத்து எழுதுங்கள்: மிகக் குறைந்தது, நடுவில் நிற்பது, மிகக் கூடியது. இவற்றில் நான் முதலில் பார்ப்பது மிகக் குறைந்ததைத்தான். 2016-இன் சிறப்பு, பெயரற்ற எளிய போர்தோவும் கௌரவமாக நிற்பது. பூப்பு கெட்டு அழுகலும் துரத்திய 2013-இல் சில தோட்டங்கள் பாடுபட்டு நல்ல ஒயின் கொடுத்தன. ஆனால் அடித்தளம் மிகத் தாழ்ந்திருந்தது. இரண்டு ஆண்டுகளின் உச்சத்தை மட்டும் ஒப்பிட்டால் இந்த வேறுபாடு பாதிதான் தெரியும்.

எண்களுக்குக் கீழே நான்கு வரி போதும்: பழத்தின் நிலை, டானினின் அளவும் தன்மையும், புளிப்புக்கும் ஆல்கஹாலுக்கும் உள்ள உறவு, எந்தக் கரை அல்லது எந்த ஊர் மேலே நின்றது. அதோடு, எப்போது குடிக்கலாம் என்பதைப் புட்டிகளின் தரப்படி பிரித்து எழுதுங்கள். எளிய 2016 இப்போதே குடிக்கத்தக்கது. நல்ல மெதோக் இன்னும் பல ஆண்டுகள் தாங்கும்.

12. மறுநாள்

மிஞ்சிய ஒயினைத் தக்கையிட்டு, குளிர்ந்த இடத்தில் வைத்து, இருபத்துநான்கு மணிநேரம் கழித்து மீண்டும் அதே 16 முதல் 18 டிகிரிக்குக் கொண்டுவந்து சுவையுங்கள். இது ஆய்வுக்கூடச் சோதனை அல்ல. என் பழக்கம், ஆனால் பலமுறை கைகொடுத்திருக்கிறது. காற்றில் ஒரு நாள் நின்றபின் பழம் மங்கி, துவர்ப்பும் சூடும் மட்டும் மிஞ்சிய புட்டியைச் சேமித்து வைக்க எனக்கு மனம் வருவதில்லை. மாறாக, முதல் நாள் இறுகியிருந்து மறுநாள் விரிந்த புட்டி எதுவோ அதையே கூடுதலாக வாங்குகிறேன். முதல் நாள் குறிப்பைப் பார்க்காமல் மறுநாள் குறிப்பை எழுதி, இரண்டையும் தேதியோடு ஒன்றாகத் தைத்து வையுங்கள். அதே ஷாத்தோவின் அதே ஆண்டை ஐந்து ஆண்டுகள் கழித்துத் திறக்கும்போது, முதலில் எடுக்க வேண்டியது அந்தத் தாள்கள்தான்.